டேங்க் சுத்தம் செய்பவர் எதைச் சுவாசிக்கிறார்? அளந்து கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

எண்ணெய் டேங்கோ ரசாயன டேங்கோ, ஆள் இறங்குவதற்கு முன் மேன்ஹோலில் மீட்டரைக் காட்டி, ஆக்சிஜன் 20.9 சதவீதம், எல்இஎல் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச வாயு அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 0, ஹைட்ரஜன் சல்ஃபைடு 0 என்று பெர்மிட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அளவெடுக்கும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் அவை அந்த நிமிடத்துக்கும், குழாய் முனை இருந்த அந்த ஒரு இடத்துக்கும் மட்டுமே பொருந்தும். அரை மணி நேரம் கழித்து ஒருவர் மண்வெட்டியால் கசடைக் கிளறும்போது அவர் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று முற்றிலும் வேறு. இறங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரு அளவு, இறங்கியவர் வேலை முடியும்வரை எவ்வளவு விஷத்தை உள்ளே இழுத்தார் என்று தெரிய இன்னொரு அளவு. இரண்டும் வேண்டும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது, ஏனென்றால் எல்லா இடத்திலும் விட்டுப்போவது அதுதான்.

முதலில் டேங்கின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, இதற்கு முன் என்னென்ன இருந்தது, கடைசியாக எப்போது திறந்தார்கள், நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தார்களா, எந்த ரசாயனத்தால் கழுவப் போகிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். கச்சா எண்ணெய் டேங்க் என்றால் பென்சீனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும், சில வகை எண்ணெயில் பாதரசமும் உண்டு. பழைய ஈயப் பெட்ரோல் இருந்த டேங்க் என்றால் கரிம ஈயம் கசடிலும் துருவிலும் தங்கியிருக்கும், அது தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

கழுவப் பயன்படுத்தும் திரவமே புது விஷத்தை உண்டாக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கந்தகம் கலந்த எண்ணெய் இருந்த டேங்கின் சுவரில் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கும், அதன் மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அதே படிவு காய்ந்து காற்றுபட்டால் தானே தீப்பிடித்து சல்ஃபர் டையாக்சைடை விடும். அதனால்தான் அதை ஈரமாகவே வைத்திருக்கச் சொல்கிறார்கள். பிளீச்சும் அமிலமும் ஒரே வடிகாலில் சேர்ந்தால் குளோரின். ஆக, டேங்கில் இருந்த பொருள், கழுவும் பொருள், இரண்டும் சேர்ந்தால் வரும் பொருள் என்று மூன்று வரிசையாகப் பட்டியல் போடுங்கள். எந்த சென்சார் வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்தான் முடிவு செய்ய வேண்டும், கையில் கிடைத்த நாலு வாயு மீட்டர் அல்ல.

வரம்புகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு நாட்டிலும் சட்ட வரம்பு வேறு, உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதே கட்டாயம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள் தருகிறேன். பென்சீனுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புச் சட்ட அமைப்பான ஓஷா 8 மணி நேர சராசரியாக 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), 15 நிமிட சராசரியாக 5 பிபிஎம் என்று வைத்திருக்கிறது, அதே நாட்டின் ஆய்வு அமைப்பான நையாஷ் பரிந்துரைப்பது 0.1, 1 பிபிஎம். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு நையாஷ் சொல்லும் உச்சவரம்பு 10 பிபிஎம், அதுவும் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது. 100 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்த அளவு. கார்பன் மோனாக்சைடுக்கு ஓஷா 50, நையாஷ் 35. வெவ்வேறு அமைப்புகளின் எண்கள் இவ்வளவு தள்ளி நிற்கும்போது, சட்டம் எதைச் சொன்னாலும் குறைந்ததை இலக்காக வைத்து வேலை செய்வதே சரி என்பது என் கருத்து.

ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வெளியே வந்துவிடுவோம் என்று தொழிலாளர்கள் நம்புகிறார்கள். சுமார் 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, கூடியிருக்கலாம். இதை இறங்கும் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லுங்கள், தாளில் இருந்தால் போதாது.

கருவிகளும் அவை காட்டாமல் விடுவதும்

எல்இஎல் மீட்டர் பூஜ்யம் காட்டினால் விஷம் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் பெரிய தவறான புரிதல். கணக்கைப் பாருங்கள். பென்சீன் தீப்பிடிக்கத் தேவையான குறைந்த அளவு காற்றில் 1.2 சதவீதம், அதாவது 12,000 பிபிஎம். மீட்டரில் 1 சதவீத எல்இஎல் என்றால் 120 பிபிஎம். வரம்போ 1 பிபிஎம். மீட்டரின் முதல் எண் அசைவதற்குள் வரம்பைப் போல 100 மடங்குக்கு மேல் பென்சீன் காற்றில் இருக்கலாம். வழக்கமாக உள்ளே போகக் கூடாது என்று வைக்கும் 10 சதவீத எல்இஎல் என்பது 1,200 பிபிஎம் பென்சீன், அது உயிருக்கு உடனடி ஆபத்தான 500 பிபிஎம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல். எல்இஎல் மீட்டர் தீ விபத்தைத் தடுக்கும் கருவி, அந்த வேலைக்கு அது அவசியம், சுவாசத்தைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள்.

அதே மீட்டரில் இன்னும் இரண்டு சிக்கல். சூடான மணி போன்ற வினையூக்கி சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் நிரப்பிய டேங்கில் அது குறைத்துக் காட்டும், அங்கே அகச்சிவப்பு வகை சென்சார்தான் சரி (ஆனால் அது ஹைட்ரஜனைப் பார்க்காது). சிலிகோன் ஆவி பட்டால் வினையூக்கி சென்சார் மெல்லச் செத்துப்போகும், செத்த சென்சார் காட்டும் எண்ணும் பூஜ்யம்தான். அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் தெரிந்த வாயுவை ஊதி அலாரம் அடிக்கிறதா என்று பம்ப் டெஸ்ட் (bump test) பார்க்க வேண்டும். நேற்று பார்த்தோம் என்பது இன்றைக்குச் செல்லாது.

ஆக்சிஜன் எண்ணைக் கூர்ந்து பாருங்கள். 19.5க்குக் கீழே போனால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும், 23.5க்கு மேலே போனாலும் தீ ஆபத்து. ஆனால் 20.9 இருந்த இடத்தில் 20.8 ஆனால்? வேறொரு வாயு உள்ளே புகுந்து காற்றைத் தள்ளியதால் அந்த 0.1 குறைந்தது என்றால், காற்றில் ஏறக்குறைய 5,000 பிபிஎம் அந்த வாயு இருக்கிறது. அது நீராவியாகவும் இருக்கலாம், ஹைட்ரோகார்பனாகவும் இருக்கலாம். 20.8 எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

பிபிஎம் அளவில் ஆவியைப் பார்க்க, விளக்கின் புறஊதா ஒளியால் ஆவியை அளக்கும் பிஐடி மீட்டர் வேண்டும். 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு உள்ளது வழக்கமாகப் பயன்படுவது. அது எல்லா ஆவியையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், அதில் பென்சீன் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவால் சரிபார்த்த மீட்டரில் 10 என்று வந்தால், இருப்பது முழுவதும் பென்சீன் என்றால் உண்மை அளவு சுமார் 5, ஹெக்சேன் என்றால் 40க்குப் பக்கம். அந்தந்த ஆவிக்கான திருத்த எண்ணால் பெருக்காமல் எழுதிய பிஐடி அளவு பாதி உண்மைகூட இல்லை. மீத்தேன் அதிகம் இருந்தாலும், ஈரப்பதம் கூடினாலும் அளவு குறைந்து தெரியும், நீராவி போட்டுக் கழுவும்போது இதை நினைவில் வையுங்கள். பென்சீனை மட்டும் தனியாகப் பார்க்க, மற்றதைப் பிடித்துக்கொள்ளும் முன்வடிகட்டிக் குழாய் வைத்த பிஐடி கிடைக்கிறது, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் கிடைக்கிறது. நிறக் குழாயின் துல்லியம் சுமார் 25 சதவீதம் கூடக் குறைய இருக்கும், அதனால் வரம்புக்குப் பக்கத்தில் வரும் எண்ணை வைத்துச் சண்டை போடக் கூடாது.

இறங்கும் முன் அளப்பது

மூடியைத் திறக்கும் ஆளே முதல் ஆபத்தில் இருக்கிறார். எண்ணெய் வயல்களில் டேங்கின் மேல் மூடியைத் திறந்து அளவு பார்க்கப் போனவர்கள் இறந்ததைப் பற்றி நையாஷும் ஓஷாவும் சேர்ந்து 2016இல் எச்சரிக்கை வெளியிட்டன. 2010 முதல் 2014 வரை 9 பேர் இறந்ததை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். டேங்குக்குள் இறங்கவே இல்லை, மூடியைத் திறந்ததோடு சரி. எனவே திறப்பவருக்கும் மாஸ்க், திறப்பவர் உடையிலும் மீட்டர், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பதைவிடப் பக்கவாட்டில் நிற்பது நல்லது, முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் காற்று சுழன்று முகத்துக்கே ஆவியைக் கொண்டுவரும்.

அளக்கும் வரிசை: ஆக்சிஜன், அப்புறம் எரியும் வாயு, அப்புறம் விஷ வாயு. மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் எடுங்கள், கனமான ஆவி அடியில் தேங்கும். குழாயை இறக்கிய உடனே எண்ணைப் படிக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று குழாய் முழுக்கப் பயணம் செய்து சென்சாருக்கு வர நேரம் எடுக்கும், அதன் பிறகு சென்சார் நிலைக்க இன்னும் நேரம் வேண்டும். 10 மீட்டர் குழாய் என்றால் ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். மலிவான பிளாஸ்டிக் குழாய் ஆவியையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தானே உறிஞ்சிக்கொள்ளும், டெஃப்லான் பூசிய குழாய் வாங்குங்கள். ப்ளோவர் ஓடும்போது அளந்தால் புதுக் காற்றின் ஓட்டத்தில் குழாய் முனை இருக்கக் கூடாது. ப்ளோவரைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள், கசடு எவ்வளவு வேகமாக ஆவி விடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வேலை நடக்கும்போது

கசடின் மேல்பரப்பு காய்ந்து தோல் போல மூடியிருக்கும்வரை உள்ளே அகப்பட்ட வாயு வெளியே வராது. மண்வெட்டி அந்தத் தோலைக் கிழிக்கும் நொடியைக் கவனியுங்கள்: குனிந்திருப்பவரின் முகம் கசடிலிருந்து முழ உயரத்தில் இருக்கிறது, மீட்டரோ இடுப்பு பெல்ட்டில் அவர் முதுகுப் பக்கம் தொங்குகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 2, 3 என்று இருந்தது ஒரே மூச்சில் இரட்டை இலக்கத்துக்கு எகிறும், மீட்டருக்கு அது வந்து சேரும்போது அவர் இரண்டு மூன்று மூச்சு இழுத்து முடித்திருப்பார். மீட்டரை நெஞ்சுப் பக்கம், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் மாட்டச் சொல்வது இதனால்தான். உடைக்கு உள்ளே, கோட்டுக்கு அடியில் மாட்டினால் பயன் இல்லை.

உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மீட்டர். நாலு பேருக்கு ஒன்று என்பது கண்காணிப்பு அல்ல. பெரிய டேங்கில் இருவர் பத்து மீட்டர் தள்ளி நின்றாலே காற்று வேறுவேறு. மேன்ஹோலில் நிற்பவர் கையிலும் ஒரு மீட்டர் இருக்கட்டும், முடிந்தால் உள்ளே உள்ளவர்களின் எண்கள் ரேடியோ வழியாக அவருக்குத் தெரியும்படி செய்யுங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, ஹோஸ் பிடிக்கவும் கூடாது.

எப்போது மறுபடி முழுமையாக அளக்க வேண்டும் என்பதை நேரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பும்போது, ப்ளோவர் நின்று ஓடும்போது, கழுவும் ரசாயனம் மாறும்போது, நீராவியோ வெந்நீரோ போடும்போது, வெயில் ஏறி டேங்க் சுவர் சூடாகும்போது, புது மூலையில் கசடைத் தொடும்போது. காலை 8 மணிக்கு எடுத்த எண்ணை வைத்து மதியம் 2 மணிக்கு ஆளை இறக்குவது, சூடான இரும்பு டேங்கில் செய்யவே கூடாத காரியம்.

அலாரம் அடித்தால் வெளியே வருவது. ஏன் அடித்தது என்று உள்ளேயே நின்று பார்ப்பது கூடாது. வெளியே வந்தபின் காரணம் தேடலாம். யாராவது மயங்கி விழுந்தால் மாஸ்க் இல்லாமல் இன்னொருவர் இறங்கவே கூடாது, மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. கயிறும், மேன்ஹோலுக்கு மேலே மூன்று கால் தாங்கியும் முதலிலேயே கட்டியிருந்தால் இறங்காமலே இழுக்கலாம்.

ஒருநாள் முழுக்க எவ்வளவு சுவாசித்தார்?

மீட்டர் உடனடி ஆபத்தைச் சொல்லும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் போன்றவை பல வருடம் கழித்துத்தான் கணக்கைத் தீர்க்கும், அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டைக் காலரில் கரி நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாய், இடுப்பில் சின்ன பம்ப். பென்சீன் வகைக்கு நையாஷ் 1501 முறையில் நிமிடத்துக்கு 0.2 லிட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. உதாரணமாக 0.1 லிட்டர் வேகத்தில் 2 மணி நேரம் ஓடினால் 12 லிட்டர், அது சரியான அளவு. எரியும் வாயு உள்ள இடம் என்பதால் வெடிப்புப் பாதுகாப்புச் சான்று உள்ள பம்ப் மட்டும்.

பம்ப் வேகத்தை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள், 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம். குழாயில் முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு கரி அடுக்கு இருக்கும், பின்னடுக்கில் இருப்பது முன்னடுக்கில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆவி வழிந்து போய்விட்டது, உண்மை அளவு அதைவிட அதிகம். டேங்க் வேலையில் இது அடிக்கடி நடக்கும், அதனால் நீண்ட நேரம் ஒரே குழாயை ஓட்டாமல் இடையில் மாற்றுங்கள். காற்று இழுக்காத வெற்றுக் குழாய் இரண்டாவது சேர்த்து அனுப்புங்கள். பம்ப் இல்லாமல் ஆவி தானே வந்து படியும், உடையில் குத்தும் பேட்ஜ் எளிது, ஆனால் அதன் முகப்பில் கொஞ்சமாவது காற்று ஓட வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று யார், எந்த நேரம், என்ன வேலை, என்ன மாஸ்க் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத ஆய்வக எண்ணை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது.

கணக்கு எளிது. ஒவ்வொரு வேலையின் அளவையும் அதன் நேரத்தால் பெருக்கி, கூட்டி, 8ஆல் வகுக்க வேண்டும். டேங்குக்குள் 2 மணி நேரம் 3 பிபிஎம், வேக்யூம் லாரி ஹோஸ் பக்கம் ஒன்றரை மணி நேரம் 1.2, மீதி நாலரை மணி நேரம் 0.1 என்று வைத்துக்கொண்டால் 6, 1.8, 0.45 சேர்ந்து 8.25, அதை 8ஆல் வகுத்தால் 1.03 பிபிஎம். உள்ளே இருந்தது இரண்டே மணி நேரம்தான், ஆனாலும் 1 பிபிஎம் வரம்பு தாண்டிவிட்டது. 12 மணி ஷிப்ட் என்றால் வரம்பையே குறைக்க வேண்டும், பிரீஃப்-ஸ்காலா கணக்குப்படி 12 மணி நேரத்துக்கு அது பாதியாகிவிடும். ஒரே உறுப்பைத் தாக்கும் பல ஆவிகள் கலந்திருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக் கூடாது. தனித்தனியே எல்லாம் வரம்புக்குள் இருந்தாலும் சேர்த்தால் தாண்டுவது சகஜம்.

வெளியே நிற்பவர்கள், தோல், சிறுநீர்ச் சோதனை

வேக்யூம் லாரி டேங்கின் ஆவியையும் சேர்த்தே உறிஞ்சுகிறது, அது புகைபோக்கி வழியாக வெளியே வந்து லாரிக்காரர் நிற்கும் இடத்திலேயே இறங்கும். ப்ளோவர் வெளியேற்றும் காற்றும் அப்படித்தான். லாரிக்காரரையும் ப்ளோவர் பக்கம் நிற்பவரையும் அளவெடுக்கும் பட்டியலில் சேருங்கள், பல இடங்களில் இவர்களுக்கு மாஸ்க்கூட இருக்காது.

மாஸ்க் அணிந்தவருக்கும் மாதிரியை மாஸ்க்குக்கு வெளியேதான் எடுக்கிறோம், அதைப் பாதுகாப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஓஷா கணக்கில் பாதி முக மாஸ்க் 10 மடங்கு, முழு முக மாஸ்க் 50 மடங்கு. பென்சீன் வரம்பு 1 என்றால் முழு முக மாஸ்க்கோடு 50 பிபிஎம் வரைதான், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் மட்டும், தாடி இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஆக்சிஜன் குறைந்த இடத்திலும், அளவு தெரியாத இடத்திலும் வடிகட்டி மாஸ்க் கூடவே கூடாது, காற்றுக் குழாய் அல்லது சிலிண்டர் மாஸ்க்தான்.

கசடில் நனைந்த பூட்ஸ், கையுறைக்குள் புகுந்த எண்ணெய் இவற்றைக் காற்று மாதிரி காட்டாது. அதற்கு ஷிப்ட் முடிவில் சிறுநீர்ச் சோதனை உதவும். பென்சீன் உடலுக்குள் மாறி உண்டாகும் எஸ்-பீனைல் மெர்காப்ட்யூரிக் அமிலத்தைப் பார்ப்பது நல்லது. மியூக்கோனிக் அமிலமும் பார்க்கலாம், ஆனால் பதப்படுத்திய உணவில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சார்பேட்டால் அது கூடித் தெரியும். புகை பிடிப்பவருக்கு இரண்டும் சற்றுக் கூடும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காற்றில் அளவு குறைவாகவும் சிறுநீரில் அதிகமாகவும் வந்தால் கையுறையையும் உடை கழற்றும் இடத்தையும் போய்ப் பாருங்கள்.

முடிவு வந்த பிறகு

ஒரே ஒரு மாதிரி நன்றாக வந்தது என்று நிம்மதி அடையாதீர்கள். ஐரோப்பிய ஈஎன் 689 முறையில், ஒரே மாதிரி வேலை செய்யும் குழுவில் 3 மாதிரி எடுத்தால் மூன்றுமே வரம்பில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சரி என்று சொல்லலாம், 4 என்றால் 15, 5 என்றால் 20 சதவீதம். இடைப்பட்டு வந்தால் இன்னும் மாதிரி எடுத்துப் புள்ளியியல் கணக்குப் போட வேண்டும். டேங்க் வேலை நாளுக்கு நாள் மாறுவதால் இந்தக் கண்டிப்பு மிகையே இல்லை.

அளவு கூடி வந்தால் முதலில் மாஸ்க்கை மாற்றாதீர்கள், வேலையை மாற்றுங்கள். ஆள் இறங்குவதற்கு முன்பே வெளியிலிருந்து தண்ணீர்ப் பீரங்கியால் கசடை எவ்வளவு கரைத்து எடுக்க முடியும், காற்று மூலையில் தேங்காமல் இழுக்க ப்ளோவரை எங்கே வைக்கலாம், உள்ளே இருக்கும் நேரத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று பாருங்கள். மாற்றியபின் மறுபடி மாதிரி எடுங்கள், மாற்றம் வேலை செய்ததா என்று அப்போதுதான் தெரியும்.

முடிவைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லுங்கள், அவர் பெயரில் வந்த எண், வரம்பு, என்ன மாற்றப் போகிறோம் என்று அவருக்குப் புரியும் மொழியில், கையில் ஒரு பிரதியோடு. ஒப்பந்தத் தொழிலாளி இன்று இங்கே, அடுத்த மாதம் வேறு டேங்கில் இருப்பார், அவர் மொத்த வாழ்க்கையில் எவ்வளவு சுவாசித்தார் என்று கூட்டிப் பார்க்க அந்தத் தாள் மட்டுமே இருக்கும். ஓஷா இத்தகைய பதிவுகளை 30 வருடம் வைக்கச் சொல்வதும் புற்றுநோய் போன்றவை பல வருடம் கழித்து வரக்கூடும் என்பதால்தான். பெயர், தேதி, டேங்கில் இருந்த பொருள், வேலை, கருவியின் எண், மீட்டரின் பம்ப் டெஸ்ட் முடிவு, அளவு, மாஸ்க் வகை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் அந்தக் கோப்பு டேங்க் உரிமையாளரிடம் தங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.